இன்பராஜ் வெட்டிய பேக்கிங்

இன்பராஜின் ஸ்கூட்டர் நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டியது. அதைக் கோளாறு என்று ஒத்துக்கொள்ளவே மனிதருக்கு ஆறு மாதம் ஆயிற்று. பதினான்கு வருடம் ஓடிய வண்டி, கொஞ்சம் வேர்க்காமல் இருக்குமா என்று கேட்பார். வேர்வையாம். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால், ஆராதனை முடிந்து எடுக்கும்போது சிமெண்டுத் தரையில் தோசை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் கிடக்கும். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் இரண்டு வாரம் மண்ணை அள்ளிப் போட்டு மூடிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்போதுதான் இன்பராஜுக்கு உறைத்தது.

எண்ணெய் ஒன்று மட்டும் என்றால் போய்த் தொலையட்டும் என்று விடலாம். செல்ஃப் ஸ்டார்ட் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் அறுந்து, ஓடும்போது அது பாட்டுக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். முன் விளக்கு ஒரு பள்ளத்தில் விழுந்தால் அணையும், அடுத்த பள்ளத்தில் விழுந்தால் எரியும். எங்கள் பக்கத்து ரோட்டில் பள்ளத்துக்கு ஒரு குறையும் கிடையாது, ஆகவே வெளிச்சத்துக்கும் குறையில்லாமல் இருந்தது.

சிரிக்கிற விஷயம் அத்தோடு முடிந்தது. இந்த வண்டியில்தான் அவர் வாரத்துக்கு மூன்று நாள் தன் மனைவி ஞானஜோதியை ஆனைக்குட்டத்திலிருந்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். ஞானஜோதி பள்ளிக்கூட டீச்சர். ஐம்பத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய், வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவள். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை மணிக்கு மிஷினோடு சேர்த்துப் படுக்கவைத்து நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். ஆறரை என்றால் ஆறரை. பிந்தினால் அந்தப் படுக்கை அடுத்துக் காத்திருக்கிறவருக்குப் போய்விடும், அவர்களும் பாவம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள்தானே.

ஒரு ஆட்டோ பிடிக்கக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் ஆட்டோ எங்கே கிடக்கிறது? விடிந்ததும் விடியாததுமாக எங்கள் பக்கத்து ஆட்டோ, வேன், மினி பஸ் அத்தனையும் வெடிக் கம்பெனிக்கு ஆள் ஏற்றப் போய்விடும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வேன் போனால் அதில் இருபது பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தீபாவளி சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் பஸ்ஸோ ஆனைக்குட்டத்துக்கே ஆறு பத்துக்குத்தான் வரும். எப்படிப் பார்த்தாலும் ஸ்கூட்டரை விட்டால் வேறு வழி இல்லை.

அது இன்பராஜுக்கு ஒரு வகையில் பிடித்தும் இருந்தது. சொல்லத்தான் வேண்டும். மனைவிக்கு நோய் என்று தெரிந்த அன்றைக்கே தன் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றார். உங்களுக்கே சர்க்கரை முன்னூறு இருக்கிறது என்று சொல்லி அவர் அனுப்பிவிட்டார். மருந்து இன்னதென்று அவருக்குத் தெரியாது, இரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கத் தெரியாது, மிஷின் அறைக்குள் அவரை விடவும் மாட்டார்கள். ஞானஜோதி ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. வெயில் காலத்தில் அவள் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்காக அவரால் செய்ய முடிந்ததென்று உலகத்தில் ஒரே ஒரு காரியம் இருந்தது. அது வண்டி ஓட்டுவது.

அதற்கும் ஒரு நாள் பங்கம் வந்தது. ஞானஜோதியின் தம்பி ஜாபஸ் விருதுநகரில் வாத்தியார், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பேச்சை எடுத்தான். அக்கா எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம், வாரத்தில் மூன்று நாள் இந்த ரோட்டில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம் என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடைசியில், வண்டி இருக்கிற இலட்சணத்தில் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டான். இன்பராஜுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"இந்தா பாரு மாப்ளே," என்றார். "என் வண்டி என்னைக்காச்சும் ஒரு நாள் வழியில நின்னுச்சுன்னா, அன்னைக்கே வந்து ஒங்க அக்காவ கூட்டிட்டுப் போயிரு. அதுக்கப்புறம் நான் வாய தொறந்தா ஏன்னு கேளு."

"நீங்க சொன்னது சொன்னதுதான் அத்தான்," என்றான் ஜாபஸ்.

வாத்தியார் அல்லவா, வாக்கை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டான். ஞானஜோதி சுவரோரம் நாற்காலியில் அன்றைய இரண்டாவது டம்ளர் தண்ணீரை வாய் நனைத்து வாய் நனைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை, தம்பி பக்கம் சாய்கிறாள் என்று இன்பராஜ் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து அவருக்கு வண்டிமேல்தான் நினைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், தான் வேலை பார்க்கும் அச்சகத்தில் கழித்துப் போட்ட வெள்ளை அட்டை ஒன்றை இஞ்சினுக்குக் கீழே விரித்து வைப்பார். காலையில் எடுத்து எத்தனை சொட்டு என்று பார்ப்பார். ஐந்தாக இருந்தது ஒன்பதாகி, ஒன்பது சொட்டும் ஒன்று கூடி ஒரு குளமாயிற்று. எண்ணெய் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினார். இஞ்சினைப் பிரித்தால் இரண்டு மூன்று நாள் ஆகும், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவ்வளவு நாள் எங்கே இருக்கிறது என்பது அவர் கணக்கு.

ஒரு வியாழக்கிழமை மதியம் திரும்பி வருகிற வழியில், ஆமத்தூர் தாண்டி ஒரு வளைவில், கசிந்த எண்ணெய் பின் டயரில் பட்டு வண்டி ஒரு வழுக்கு வழுக்கியது. விழவில்லை. ஆனால் ஞானஜோதி பதறிப்போய் இடது கையால் அவர் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டாள். அந்தக் கையில்தான் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கையால் ஒரு செம்பைக்கூடத் தூக்கக் கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கை வீங்குகிறதா என்று இரண்டு பேரும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வீங்கவில்லை. அவளுடைய சேலைக் கரை முழுக்க எண்ணெய்.

அன்று சாயங்காலமே வண்டி சங்கிலிமுத்துவின் பட்டறைக்குப் போயிற்று. சங்கிலிமுத்து கைராசிக்காரன், ஆனால் ஒரே சமயத்தில் ஏழு வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எந்த போல்ட் எந்த வண்டிக்கு என்று தேடுகிறவன். இன்பராஜின் நிலைமை தெரிந்து மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். கசிவு சிலிண்டரின் அடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தான். அங்கே இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவில் மெல்லிய அட்டை ஒன்று இருக்கும், அதற்குப் பேக்கிங் என்று பெயர். உள்ளே ஓடுகிற எண்ணெய் வெளியே வராமல் அடைத்து நிற்பது அதுதான். கழற்றியபோது அது நைந்துபோய் இரண்டு துண்டாகக் கையோடு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கிலிமுத்து விருதுநகர், சிவகாசி இரண்டு ஊர்க் கடைகளுக்கும் போன் போட்டுப் பார்த்தான். பழைய மாடல், எங்கேயும் இல்லை. தானே வெட்டிவிடலாம் என்றால் பேக்கிங் ஷீட்டும் தீர்ந்துபோயிருந்தது.

"மதுரைல சொல்லிட்டேன் அண்ணாச்சி, திங்கக்கெளம வந்துரும்," என்றான். "நாளைக்கு ஒரு நா மட்டும் எப்படியாச்சும் பாத்துக்கோங்க."

நாளைக்கு ஒரு நாள்தான் பிரச்சினையே. பக்கத்து வீட்டுச் சீனிவாசகத்திடம் பைக் இருந்தது. மனிதர் சாவியை உடனே எடுத்து நீட்டினார். ஞானஜோதியை ஏற்றிப் பார்த்தால், அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க அவளால் முடியவில்லை, மூச்சு வாங்கியது. இன்னொரு வழியும் இருந்தது. ஜாபஸுக்கு ஒரு போன் போட்டால் காரைக் கொண்டுவந்து அழைத்துப் போயிருப்பான். நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் வண்டி பிரித்துக் கிடக்கிறது, வந்து கூட்டிப்போ என்று இன்பராஜ் எப்படிச் சொல்வார்? வழியில் நின்றால் என்ன, பட்டறையில் நின்றால் என்ன, நின்றது நின்றதுதானே என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வார்?

நைந்த பேக்கிங்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிவகாசிக்கு வேலைக்குப் போனவர், பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தார். அப்போதுதான் பொறி தட்டியது. இது என்ன, அட்டைதானே.

அட்டை வெட்டுவதில் இன்பராஜை மிஞ்ச சிவகாசியில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். முப்பத்து நாலு வருடமாக அதுதான் அவர் தொழில். வெடிப் பெட்டி இருக்கிறதல்லவா, அது முதலில் பெரிய தாளாக அச்சாகி வரும். அதைப் பெட்டியின் வடிவத்துக்கு வெட்டி, மடிக்கிற இடத்தில் கோடு அழுத்தி, ஓட்டை போட வேண்டிய இடத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்கிற மிஷினுக்கு அவர்தான் மாஸ்டர். பலகையில் பிளேடைப் பதித்து அச்சு கட்டுவதும் அவரேதான். ஒரு தலைமுடி விலகினாலும் தூக்கி எறிந்துவிடுவார். முதலாளி லட்சுமிகாந்தமே அவர் வெட்டியதை மறுபடி சரிபார்க்கச் சொன்னதில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேலையை ஆரம்பித்தார். இரண்டு துண்டையும் கண்ணாடி மேசையில் ஒட்டவைத்து, கீழே விளக்கைப் போட்டார். அளவுக் கருவியால் கனத்தைப் பார்த்து, அதே கனத்தில் முறுக்கான பழுப்பு அட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். வெளிக்கோட்டை வரைந்தார். நடுவில் பெரிய வட்டம், மூலைக்கு ஒன்றாக நாலு போல்ட் ஓட்டை, பக்கத்தில் செயின் போகிற நீள ஓட்டை. எல்லாம் வரைந்த பிறகு மிச்சமாக ஒன்று இருந்தது. ஓரமாக, மிளகு அளவில், எண்ணெய் அடைத்துக் கறுத்துப்போன ஒரு சின்ன ஓட்டை.

அதைப் பார்த்து இன்பராஜ் சிரித்துக்கொண்டார். சிரித்ததற்குக் காரணம் உண்டு. அச்சுத் தொழிலில் எந்தத் தாளை எடுத்தாலும் ஓரத்தில் சின்ன வட்டமோ சிலுவைக் குறியோ இருக்கும். ரிஜிஸ்டர் மார்க் என்பார்கள். நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதும், வெட்டுகிற அச்சு சரியாக உட்காருவதும் அதை வைத்துத்தான். சில மிஷினில் அந்த இடத்தில் ஊசி குத்தித் தாளை நிறுத்துவார்கள். அது மிஷினுக்கு உள்ள அடையாளம். பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, அதன்மேல் யாரும் பிளேடு வைக்க மாட்டார்கள். ஓகோ, பேக்கிங் வெட்டுகிற கம்பெனிக்காரனும் நம்மைப் போலத்தான் ஊசி குத்தி வெட்டுகிறான் என்று அவருக்கு ஒரு சந்தோஷம். அதோடு, எண்ணெய் கசியாமல் அடைப்பதற்கென்றே வைக்கிற அட்டையில் வேண்டாத ஓட்டை ஒன்று எதற்கு என்றும் தோன்றியது. அந்த ஓட்டையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டினார். வெட்டு எப்படி இருந்தது என்கிறீர்கள், பிசிறு என்று சொல்ல ஒரு நார் கிடையாது.

சங்கிலிமுத்து அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "கம்பெனி சாமான் தோத்துப் போகும் அண்ணாச்சி," என்றான். வியப்பில் வேறெதையும் பார்க்கவில்லை. பசையைத் தடவி, வைத்து, சிலிண்டரை இறக்கி முறுக்கிவிட்டான். பிரித்ததோடு பிரித்ததாக மற்ற வேலையையும் முடித்துக் கொடுத்தான். செல்ஃப் மோட்டாருக்குப் புது கார்பன், பின் பிரேக்குக்குப் புது ஷூ, ஸ்டாண்டுக்கு ஸ்பிரிங், முன் விளக்குக்குள் ஆடிக்கொண்டிருந்த வயருக்கு ஒரு முடிச்சு. இன்பராஜ் பட்டனை அழுத்தினார். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.

சந்தோஷம் தாங்காமல் திருத்தங்கல் வரை ஒரு தடவை போய்த் திரும்பினார். போதவில்லை, இன்னொரு தடவையும் போனார். வீட்டுக்கு வரும்போது இஞ்சின் மேல்பக்கத்திலிருந்து சுவர்க் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வந்தது. புதுசாகப் பூட்டியது, உட்காரக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்குத் தெரியாத தொழிலில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வது மாதிரி ஆபத்து வேறில்லை. அது அவருக்கு அன்றைக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு முதல் வேலையாக அட்டையைத்தான் எடுத்துப் பார்த்தார். வைத்தது வைத்தபடி வெள்ளையாக இருந்தது. சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த ஞானஜோதியின் முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

"பாரு ஞானம், ஒரு சொட்டு இல்ல."

ஞானஜோதி அட்டையையும் அவர் முகத்தையும் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"பத்திரமா வைங்க, சட்டம் போட்டு மாட்டிருவோம்," என்றாள்.

பின் சீட்டில் அவளுக்கென்று கட்டி வைத்திருந்த சின்னத் தலையணையைத் தட்டிவிட்டு ஏற்றினார். ஐந்து இருபதுக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். எண்ணெய் வாடை இல்லை, பிரேக் கத்தவில்லை, விளக்கு ஒரே சீராக எரிந்தது. ஜாபஸ் இதைப் பார்க்க வேண்டும் என்று இன்பராஜ் நினைத்துக்கொண்டார்.

ஆமத்தூர் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார்கள். டிக் டிக் என்றது டொக் டொக் என்றாயிற்று. ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி ஏறவில்லை. பிறகு இரும்பை இரும்பு கடிக்கிற ஒரு சத்தம், அத்தோடு நின்றது. செல்ஃபை அழுத்தினார், க்ளிக் என்றது. கிக்கரை மிதித்தார், அது பாதியோடு நின்று கால் வலித்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள்ளு, ஒரு வீடு வாசல் கிடையாது.

ஞானஜோதி இறங்கி மைல் கல்லின்மேல் உட்கார்ந்தாள். வண்டிகள் போகாமல் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேன் வந்துகொண்டேதான் இருந்தது, அத்தனையும் வெடிக் கம்பெனிக்கு ஆளேற்றிக்கொண்டு சிவகாசிப் பக்கமாக. விருதுநகர்ப் பக்கம் போக ஒன்றுமில்லை. ஒரு வேனை நிறுத்தி உள்ளிருந்த பெண்கள் என்னவென்று விசாரித்தார்கள். டீச்சரை அடையாளம் தெரிந்த ஒருத்தி இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர், கம்பெனி கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று ஹார்ன் அடித்ததும் அவளும் போக வேண்டியதாயிற்று.

இன்பராஜ் இருபது தடவையாவது உதைத்திருப்பார். இது உதைத்துக் கிளம்புகிற நிற்பு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஞானஜோதி அவரை அவசரப்படுத்தவில்லை. அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். ஆறு ஐந்துக்கு ஜாபஸுக்குப் போன் செய்தார். வண்டி நின்றுவிட்டது என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஜாபஸும் எந்த இடம் என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கார் வந்தது. ஜாபஸ் இறங்கி அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தான். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. நீங்களும் ஏறுங்கள் என்றான். வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு எப்படி வர என்று இன்பராஜ் சொன்னார். உண்மையில் அவருக்கு அந்தக் காரில் ஏறக் கால் வரவில்லை. அன்றைக்கு ஞானஜோதியின் படுக்கை அடுத்தவருக்குப் போய், மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. அதற்குள் பாதம் இரண்டும் வீங்கிவிட்டிருந்தன. மிஷினை விட்டு எழுந்தவளை ஜாபஸ் நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். இன்பராஜ் வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று சொன்னவர் அவர்தானே.

ஸ்கூட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சங்கிலிமுத்து மேல் மூடியைத் திறந்தான். எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய இடம் எலும்பு மாதிரி உலர்ந்து, தேய்ந்து, நீலம் பாரித்திருந்தது. கீழே எண்ணெய் நிறைய இருந்தது. மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. சிலிண்டரைத் தூக்கிப் பேக்கிங்கை உரித்து எடுத்தவன், இஞ்சினில் மிளகளவு இருந்த ஒரு துளையையும் கையிலிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எண்ணெ இது வழியாத்தான் மேல போவும். இந்த ஓட்டை எங்க அண்ணாச்சி?"

"அது ரிஜிஸ்டர் மார்க்குன்னு நெனச்சேன்," என்றார் இன்பராஜ்.

சங்கிலிமுத்துவுக்கு அப்படியென்றால் என்னவென்று தெரியாது. இன்பராஜ் அவனுக்கு அச்சுத்தாள், நாலு நிறம், ஊசி, பிளேடு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். விளக்கிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

சங்கிலிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஷீட்ட இஞ்சின் மேல வச்சு சுத்தியலால தட்டி வெட்டியிருந்தா, அந்த ஓட்டை தானா விழுந்திருக்கும்," என்றான். "ஒங்க வெட்டு அழகுல நான் எண்ணிப் பாக்கலையே அண்ணாச்சி."

பாவம், அவன்மேல் என்ன தப்பு. இன்பராஜ் அந்த அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டில் ஞானஜோதியின் டம்ளர் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அழுதார். அழுதால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்.

மதுரையிலிருந்து பேக்கிங் சொன்னபடி திங்கட்கிழமை வந்தது. தேய்ந்த பாகங்கள் வந்துசேர இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. இந்தத் தடவை சங்கிலிமுத்து ஒவ்வொரு ஓட்டையையும் விரலை வைத்து எண்ணி, இன்பராஜையும் எண்ணச் சொல்லிவிட்டுத்தான் பூட்டினான். வண்டி அருமையாக ஓடியது. மறுநாள் காலை அட்டையில் இரண்டு சொட்டு இருந்தது. அதைப் பார்த்து அவருக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

இதற்குள் விருதுநகரில் ஞானஜோதிக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அதுதான் இன்பராஜை ரொம்பவும் வாட்டியது. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க முடிகிறது, வீக்கம் குறைந்திருக்கிறது, தம்பி பெண்டாட்டி உப்பில்லாமல் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள். ஜாபஸ் ஒரு நாள்கூட முகம் சுளித்தவனில்லை. யார்மேல் எரிந்து விழுவது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விருந்தாளி மாதிரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். அவள் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது ஞானஜோதி தெருவரை வந்தாள். ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தாள். பின் சீட்டில் தலையணை கட்டியபடியே இருந்தது, அதை ஒரு தடவை தடவினாள்.

"வண்டிதான் சரியாயிருச்சுல்லா. என்னைய எப்ப கூட்டிட்டுப் போவீக?"

இன்பராஜ் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். பிறகு, "ஜாபஸ்ட்ட சொல்லியிருக்கேம்மா. வாக்கு குடுத்தாச்சு," என்றார்.

"நீங்க அவங்கிட்ட குடுத்தீக, அவன் ஒங்ககிட்ட வாங்குனான்," என்றாள் ஞானஜோதி. குரலை உயர்த்தவில்லை, வகுப்பில் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். "நான் அங்கனதான் ஒக்காந்திருந்தேன். எங்க இருக்கப் பிரியம்னு என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலையே."

உள்ளேயிருந்து மாத்திரை நேரம் ஆகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரால் உடனே ஏறு என்று சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மைல் கல் பக்கத்தில் மறுபடி வண்டி நின்றால் என்ற பயம் ஒரு பக்கம், வீக்கம் வடிந்த அவள் பாதம் ஒரு பக்கம். மறுபடியும் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஞானஜோதி சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வண்டி கிளம்பாமல் கொஞ்சம் மக்கர் பண்ணினால்கூட, அதைச் சாக்காக வைத்து இன்னும் ஐந்து நிமிடம் அந்த வாசலில் நிற்கலாம். இன்பராஜ் பட்டனில் விரலை வைத்தார். ஒரே அழுத்தில் கிளம்பிவிட்டது.